பச்சையாக இருக்கிறதா

வனிதா வைட்டமின் சி மாத்திரையைக் காகிதத்தில் மடித்து, டம்ளரின் அடியால் நசுக்கிக்கொண்டிருந்தாள்.

"நைசா பொடி பண்ணு. எடதுபக்க பாட்டிலுக்கு மட்டும்," என்றான் அவள் புருஷன் டேனி. சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கு மூச்சு வாங்கியது. இனி டயாலிசிஸை உடம்பு தாங்காது என்று மருத்துவமனையில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கல்லூரியில் தாவரவியல் நடத்தியவன். வேலைக்குப் போக முடியாமல் போனதும் கொல்லையில் கண்ணாடி பாட்டில்களை வைத்து நீலப்பச்சைப் பாசி வளர்க்க ஆரம்பித்தான். சேவூர் வயல்களில் நெல்லுக்கு நடுவே தண்ணீரில் மிதக்கும் அதே பாசி.

"பச்சையா இருக்குதான்னு பாத்துட்டு வந்து சொல்லு."

வனிதா போய்ப் பொடியைக் கரைத்து ஊற்றினாள். பாட்டிலை வெயிலில் தூக்கிப் பார்த்தாள். நல்ல பச்சை. திரும்பி வந்தபோது டேனியின் வாய் திறந்திருந்தது. மூச்சு இல்லை.

மறுநாள் காலை தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை. உபதேசியார் ஜெபம் முடித்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். வீட்டைப் பெருக்கிய ஃப்ளோரன்ஸ், குப்பைக் கூடையிலிருந்த காலி மாத்திரை அட்டைகளை அள்ளி வந்து புருஷன் ராபர்ட்டின் கையில் கொடுத்தாள். அவன் டேனியின் அண்ணன். தறியை நிறுத்திவிட்டு ஒவ்வொரு டயாலிசிஸுக்கும் தம்பியை வேலூருக்கு அழைத்துப் போய் வந்தவன்.

"இன்னாம்மா இது? கிட்னிக்கு வைட்டமின் சி ஆவவே ஆவாதுன்னு டாக்டரு என் எதிர்லதான சொன்னாரு? இத்தினி அட்டை! நீதான் குடுத்துகினு இருந்தியா?"

பெண்களின் அழுகை நின்றது. எல்லா முகங்களும் வனிதாவின் பக்கம் திரும்பின.

"கொல்லைக்கு வாங்க மாமா," என்றாள்.

சுவரோரம் இரண்டு பாட்டில்கள். இடதுபக்கம் இருந்தது பச்சை. மற்றது வெளுத்து மஞ்சளாகியிருந்தது.

"மாத்திரை இதுக்குதான். இந்தப் பாசி காத்துல இருக்கற நைட்ரஜன புடிச்சு உரமாக்குது. ஆனா அதுவே வுடற ஆக்சிஜன் அந்த வேலைய கெடுத்துடுமாம். வைட்டமின் சி குறுக்க நின்னு காப்பாத்துதான்னு பாத்துகினு இருந்தாரு. இதுல போட்டோம், அதுல போடல."

"அவன் வாயில போடலியா?"

"ஒண்ணுகூட போடல. எனக்கு ஆவாதது இதுக்கு ஆவுது பாருன்னு சிரிப்பாரு."

ராபர்ட் பாட்டில்களையே பார்த்தான். பிறகு அட்டைகளைச் சட்டைப் பைக்குள் திணித்தான்.

"எல்லாரு எதிர்லயும் கேட்டுட்டேன்," என்றான். அவள் பச்சைப் பாட்டிலின் மேலிருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள்.

"கடைசியா எதனா பேசினானா?"

"பச்சையா இருக்குதான்னு கேட்டாரு."

"நீ சொன்னியா?"

நேற்று பார்த்தவுடன் அவள் உள்ளே திரும்பியிருக்கலாம். பாட்டிலை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவ்வளவு அழகாக இருந்தது.

"சொன்னேன் மாமா. நல்ல பச்சைன்னு சொன்னேன்."

"அவன் காதுல வுழுந்துதா?"

"வுழுந்துது."

ராபர்ட் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்தான். உள்ளே டேனியைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டியின் பிளக்கை யாரோ பிடுங்கினார்கள். விடாமல் ஓடிக்கொண்டிருந்த இரைச்சல் நின்றது.