எர்னெஸ்தினாவின் போன் நம்பர்

எங்கள் எஸ்பினால் ஊரில் வேலை தேடுகிறவர்கள் முதலில் போய் நிற்பது துவானின் ஸ்டேஷனரி கடையில்தான். அச்சடித்த பயோடேட்டா படிவம் அங்கே கிடைக்கும். போட்டோ ஒட்டி, கறுப்பு மையில் நிரப்பி, கடைசிப் பக்கத்தில் நமக்காகப் பேசக்கூடிய மூன்று பேரின் போன் நம்பரை எழுத வேண்டும். உணவுத் தொழில்நுட்பம் படித்து முடித்த ஏழு மாதத்தில் பதினெட்டுப் படிவம் வாங்கிவிட்டேன். ஒரு நாயும் கூப்பிடவில்லை.

“எப்படிக் கூப்பிடுவாங்க யினெத்?” என்றான் துவான். பள்ளியில் என்னோடு படித்தவன், அந்த உரிமையில் வாய் கொஞ்சம் நீளம். “முன் அனுபவத்துக்குன்னு ஒரு முழுப் பக்கம் விட்டிருக்கான். நீ அதை வழிச்சுத் துடைச்ச தட்டு மாதிரி குடுக்கிற.”

“இல்லாததை எப்படிடா எழுதுறது?”

“ஊரே எழுதுது. நீ மட்டும் என்ன வானத்துல இருந்து குதிச்சியா?”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பக்கத்து நகரமான இபாகேயில் ஒரு இறைச்சி ஆலையில் தரக்கட்டுப்பாட்டுக்கு ஆள் எடுக்கிறார்கள். அந்த வேலை எனக்கு வேண்டும். என் பட்டத்தைக் கூடத்தில் மாட்டி வைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுகிற அம்மாவின் முகத்தை இனியும் வெறுங்கையோடு பார்க்க என்னால் முடியாது.

துவான் சொல்லச் சொல்ல எழுதினேன். ‘நிர்வாக உதவியாளர், எர்னெஸ்தினா வணிக நிறுவனம், இரண்டு ஆண்டுகள்.’ அப்படி ஒரு நிறுவனமே கிடையாது. எர்னெஸ்தினா என் ஞானத்தாய். அவளும் அம்மாவும் ஞாயிறுதோறும் லெச்சோனா போடுவார்கள். முழுப் பன்றிக்குள் பட்டாணியும் இறைச்சியும் அடைத்து, மண்ணடுப்பில் சுட்டு, சந்தை மூலையில் தட்டுத் தட்டாக விற்பார்கள். நானும் கூட நிற்பேன். பட்டதாரி பன்றி விற்றாள் என்று எழுதவா முடியும்?

ஞானத்தாய், சித்தப்பா, மருந்துக்கடைக்காரர் என்று மூன்று நம்பர் கொடுத்தேன். மூன்று பேருக்கும் ஒரே பாடம்தான் எடுத்தேன். “யார் கூப்பிட்டு எதைக் கேட்டாலும் ஆமான்னு சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்.”

அங்கேதான் கோட்டை விட்டேன்.

நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். அம்மா இஸ்திரி போட்ட சட்டையில் போய் உட்கார்ந்தேன். எதிரே தரக்கட்டுப்பாட்டுத் தலைவர், கொன்சுவேலோ பர்ரேரோ. சிரிக்காத முகம்.

“உங்க ஆளுங்க மூணு பேர்கிட்டயும் பேசிட்டேன்,” என்றார். “ஆறு வருஷமா வேலை பார்க்கிறாளான்னு மருந்துக்கடைக்காரர்கிட்ட கேட்டேன். ஆமான்னார். நாப்பது பேர் வேலை பார்க்கிற இடமான்னு உங்க சித்தப்பாகிட்ட கேட்டேன். ஆமான்னார். பத்து வருஷமா அவதான் மேனேஜரான்னு எர்னெஸ்தினா அம்மாகிட்ட கேட்டேன். அதுக்கும் ஆமா. அப்போ உங்களுக்குப் பன்னிரண்டு வயசு.”

வெட்கத்தில் காது சுட்டது. துவானைக் கழுத்தை நெரிக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் எழுதியது என் கைதானே.

“நிறுவனமெல்லாம் இல்லை மேடம். லெச்சோனா விக்கிறோம்.”

“நீங்க அங்கே என்ன பண்ணுவீங்க?”

“வேக்காடு பார்ப்பேன். தோல் முறுகலாத்தான் இருக்கும், உள்ளே வெந்திருக்காது. அதனால ஊசித் தெர்மாமீட்டரை மூணு இடத்துல குத்திப் பார்ப்பேன். எழுபத்தஞ்சு டிகிரி வரலைன்னா வெட்ட விடமாட்டேன்.”

“இது மட்டும் நிஜம்னு நான் எப்படி நம்புறது?”

அவர் போனை எடுத்து நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவே வைத்தார். “நீங்க மூச்சு விடக்கூடாது.”

இரண்டாவது மணியிலேயே ஞானத்தாய் எடுத்துவிட்டாள். “ஆமாங்க!”

“நான் இன்னும் ஒண்ணும் கேக்கலையே அம்மா.”

“கேளுங்க, ஆமாதான்.”

நான் கண்ணை மூடிக்கொண்டேன். எல்லாம் முடிந்தது.

“உங்க யினெத் லெச்சோனாவுல ஏதோ ஊசி குத்துறாளாமே?”

அவ்வளவுதான், அவள் அடக்கி வைத்ததெல்லாம் கொட்டியது.

“அந்த வயித்தெரிச்சலை ஏன் கேக்கிறீங்க! போன சான் பெத்ரோ திருவிழாவுல கூட்டம் தட்டைத் தூக்கிட்டு நிக்குது. இவ ஊசியைக் குத்திட்டு, எழுபத்தொண்ணுதான் இருக்கு, திரும்ப அடுப்புல தள்ளுங்கன்னுட்டா. ஒரு மணி நேரம்! பாதிப் பேர் எங்களைத் திட்டிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போயிட்டாங்க. நான் இவளோட ஞானத்தாய், பசியில தலை சுத்துது, ஒரு துண்டு தோல் குடுடின்னா, எழுபத்தஞ்சு வரட்டும்ங்கறா. அதை வேற ஒரு நோட்டுல எழுதுவா, ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும். கல் நெஞ்சுக்காரி!”

திடீரென்று நின்றாள். தான் பாடத்தை மறந்துவிட்டது அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். அடுத்து வந்த குரல் சின்னதாக இருந்தது.

“அம்மா, எங்க பொண்ணுக்கு அந்த வேலை கிடைச்சிருமா?”

கொன்சுவேலோ மேசை இழுப்பறையைத் திறந்து எழுதாத படிவம் ஒன்றை எடுத்தார். முன் அனுபவப் பக்கத்தைத் திருப்பி, என் பக்கம் தள்ளி, மேலே ஒரு பேனாவையும் வைத்தார்.

“ஆமா,” என்றார் போனில்.