ஊருக்குப் போய்ச் சொல்கிறோம்

வாணியம்பாடியிலிருந்து ஊர் சுற்றிப் பார்க்க விருந்தாளிகள் வருகிறார்கள் என்றுதான் மஹ்விஷிடம் சொல்லி வைத்திருந்தோம். உண்மையில் அவர்கள் பார்க்க வந்தது என் மகள் மஹ்விஷைத்தான். இந்த யோசனை என் வீட்டுக்காரர் அக்பர் பாஷாவுடையது. ராயப்பேட்டையில் போட்டோவுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருக்கிற மனிதர். எதையும் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துக் காட்டினால் எடுபடும் என்று அவருக்கு ஒரு நினைப்பு.

நேராகப் பெண் பார்க்கக் கூப்பிட முடியாத நிலைமை. போன வருஷம் ஒரு குடும்பம் வந்தது. மஹ்விஷ் தட்டு தூக்கிக்கொண்டு போய் நின்றாள், கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். சமோசா தீரும்வரை உட்கார்ந்திருந்தவர்கள், ஊருக்குப் போய்ச் சொல்கிறோம் என்று எழுந்தார்கள். பெண் பிடிக்கவில்லை என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, இப்படித்தான் சொல்லிவிட்டுப் போவார்கள். அது எங்களுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியவில்லை. மாதக்கணக்கில் போனைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்தாள். நானும் சொல்லித் தொலைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவளே புரிந்துகொண்டு, இனிமேல் யார் முன்னாலும் தட்டு தூக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். பெருங்குடியில் ஆபீஸ், அதை விட்டால் வீடு, அவ்வளவுதான். இந்த இடமும் தட்டிப்போனால் கல்யாணப் பேச்சையே எடுக்க விடமாட்டாள் என்று எனக்குப் பயம்.

சனிக்கிழமை காலையில் ஹாஜிரா பீயும் அவர் மகன் ஹஸனும் வந்து இறங்கினார்கள். பையனுக்கு ஷூ கம்பெனியில் டிசைன் போடுகிற வேலை. வாடகைக்கு ஒரு வேன் பேசியிருந்தோம். மஹ்விஷ் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு டிரைவருக்கு வழி சொன்னாள். முகத்தில் சந்தேகம் எதுவும் தெரியவில்லை. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். இந்த வயதில் அது ஒன்றுதான் குறைச்சல்.

முதலில் மயிலாப்பூர். கபாலீசுவரர் கோயில் கோபுரத்தைத் தெருவில் நின்றபடி காட்டி, எந்தப் பக்கம் குளம், எந்தப் பக்கம் தேர் நிற்கும் என்று மஹ்விஷ் சொல்லிக்கொண்டிருந்தாள். ஹஸன் கேட்டால்தானே. பக்கத்தில் செருப்பு விடும் இடத்தில் குவிந்து கிடந்ததைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். அதில் ஒன்றைப் போட்டோ வேறு எடுத்தான். என் பெண்ணைப் பார்க்க வந்தவன் ஊரான் செருப்பைப் பார்க்கிறான் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாந்தோம் சர்ச்சிலும் அதே கதை. அத்தனை உயரக் கட்டடத்துக்குள் போயும் அவன் நிமிரவே இல்லை.

தி.நகர் ரங்கநாதன் தெரு நெரிசலில் மஹ்விஷின் செருப்பு வார் அறுந்தது. ஹஸன் உடனே உட்கார்ந்துவிட்டான். அம்மாவின் புர்காவிலிருந்து ஒரு ஊக்கை வாங்கி வாரைக் கோத்து இழுத்துப் பார்த்தான். எனக்கு அப்போதுதான் கொஞ்சம் உயிர் வந்தது. ஆனால் அவன் அவள் முகத்தை ஏறெடுத்துக்கூடப் பார்க்கவில்லை. இது தோலே இல்லை, வெறும் ரெக்சின், யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று செருப்பிடமே சொல்லிவிட்டு எழுந்தான்.

மத்தியானம் வீட்டில் பிரியாணி. ஹாஜிரா பீ என்னைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு வந்து, பெண் நன்றாகப் பேசுகிறாள் என்றார். அது பாராட்டா குறையா என்று எனக்கு விளங்கவில்லை. ஹஸன் இரண்டாவது தரம் போட்டுக்கொண்டு சாப்பிட்டான். பிறகு அடையாறு ஆலமரம். அங்கேதான் பயல் முதன்முதலாகத் தலையை நிமிர்த்தினான், அதுவும் மரத்தைப் பார்க்க.

பெசன்ட் நகர் கடற்கரைக்கு வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்துவிட்டது. சுட்ட சோளம் வாங்கிக்கொண்டு மணலில் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் ஹாஜிரா பீ புர்காவில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு எழுந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். நல்ல உபசரிப்பு, ரொம்ப சந்தோஷம், ஊருக்குப் போய்ச் சொல்கிறோம் என்றார்.

மறுபடியும் அதே வார்த்தை. எங்கள் வீட்டில் உருதுதான் பேசுவோம். கோபம் வந்தால் மட்டும் மஹ்விஷ் தமிழுக்கு மாறிவிடுவாள், அதுவும் எங்கள் மீர்சாகிப்பேட்டைத் தெருத் தமிழ்.

"ஊருக்குப் போய் இன்னா சொல்லப் போறீங்க காலா?" என்று ஹாஜிரா பீயைக் கேட்டாள். கோபத்திலும் பெரியம்மா முறை மட்டும் உருதுவில் வந்தது.

ஹாஜிரா பீ என் கைகளை விட்டார். ஹஸன்தான் சோளத்திலிருந்து வாயை எடுத்து, என்ன சொல்லணும் என்று அம்மாவைக் கேட்டான்.

"உங்களுக்குப் பொண்ணு பாக்க வந்துக்கீறாங்க. நான்தான் பொண்ணு," என்றாள் மஹ்விஷ்.

அவன் முகம் போன போக்கைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. இவனிடமும் ஊர் பார்க்கப் போகலாம் என்றுதான் சொல்லிக் கூட்டி வந்திருக்கிறார்கள். பெண்களை உட்கார வைத்து எடை போடுவதற்கு நான் வரமாட்டேன் என்று அடம்பிடிக்கிறவனாம், ஹாஜிரா பீ மெதுவாக ஒப்புக்கொண்டார். அவரும் நானும் ஒரே பள்ளியில் படித்தவர்கள் போல அசடு வழிந்துகொண்டு நின்றோம். என் வீட்டுக்காரர் கடலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

உனக்கு எப்படித் தெரியும் என்று மஹ்விஷைக் கேட்டேன். ஊர் பார்க்க வருகிறவர்களுக்காக யாராவது ஜன்னலுக்குப் புதுத் திரை தைத்து மாட்டுவார்களா அம்மி என்றாள். போன வெள்ளிக்கிழமை தைத்தது. பேசாமல் பழசையே துவைத்துப் போட்டிருக்கலாம்.

பிறகு அவள் ஹஸன் பக்கம் திரும்பினாள். குரல் இறங்கியிருந்தது. "புடிக்கலைன்னா இங்கியே சொல்லிட்டுப் போங்க. அழ மாட்டேன். ஊருக்குப் போய் சொல்றேன்னு மட்டும் சொல்லாதீங்க. அத நம்பி நான் போனைப் பாத்துக்கினு கெடந்தது போதும்."

என் பெண் அதை அந்நியன் ஒருவனிடம் சொன்னாள், என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, மறைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

ஹஸன் அவளைப் பார்த்தான். அவள் காலிலிருந்து அவன் பார்வை முகத்துக்குப் போனது அன்றைக்கு அப்போதுதான்.

"நான் இன்னிக்குப் பார்த்தது உங்க செருப்பைத்தான். அதை வச்சுப் பிடிச்சிருக்குன்னு சொன்னாலும் பொய், பிடிக்கலைன்னு சொன்னாலும் பொய்," என்றான். "அடுத்த சனிக்கிழமை வரட்டுமா? இந்த தடவை தெரிஞ்சே வரேன். எதுவா இருந்தாலும் உங்ககிட்டயே நேரா சொல்றேன்."

"நானும் நேராத்தான் சொல்லுவேன்."

"சொல்லுங்க."

தி.நகர் மட்டும் வேண்டாம் என்றாள் அவள். சரி என்றான். அவர்களைப் பஸ் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

சனிக்கிழமை வருகிறேன் என்றவன் வருவானா, வந்து என்ன சொல்வான், இவள்தான் என்ன சொல்வாள், எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் வழக்கம்போல எல்லாம் தன் யோசனை என்றார். மஹ்விஷ் ஊக்கு குத்திய செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, போனைச் சமையலறையில் சார்ஜில் போட்டாள். அதை அங்கேயே விட்டுவிட்டுப் படுக்கப் போனாள்.