கூடுதல் புள்ளிகள்

கணுக்காலுக்கு மேலே சிதறிக் கிடந்த சிவப்புப் புள்ளிகளைப் பேனா மை என்றுதான் புள்ளியம்மா முதலில் எண்ணினார். அச்சகத்தில் பதினெட்டு ஆண்டுகளாக மெய்ப்புத் திருத்துகிறவர். மெய்யெழுத்தின் தலையில் ஒரு புள்ளி விடுபட்டாலும் பக்கத்தையே திருப்பி அனுப்பிவிடுவதால் கிடைத்த பட்டப்பெயர் அது. சிவப்புப் பேனா கசிவதும் புதிதல்ல. சோப்புப் போட்டுத் தேய்த்தார், ஸ்பிரிட்டால் துடைத்தார். மூன்றாம் நாள் புள்ளிகள் முழங்காலை எட்டிய பிறகே, அது மையன்று என்று ஒப்புக்கொண்டார்.

மருத்துவர் ஒரு கண்ணாடித் துண்டை வைத்து அழுத்தினார். வெறும் தடிப்பென்றால் வெளுத்து மறைந்திருக்கும்; இந்தப் புள்ளிகள் மறையவில்லை. சிறுநீரிலும் ரத்தம் இருந்தது.

"இந்த பிரஷர் மாத்திரைய எத்தனை வருஷமா போடறீங்க?"

"நாலு வருஷம். ஒரு வேளைகூடத் தவறினதில்ல."

"அந்த மாத்திரையாலதான் ரத்தக்குழாய்ல அழற்சி வந்திருக்குன்னு நெனைக்கிறேன்மா. ரொம்ப அபூர்வமா வரும். இன்னிக்கே நிறுத்திட்டு வேற தரேன். சிறுநீரகம் தப்புமான்னு போகப்போகத்தான் சொல்ல முடியும்."

பரிசோதனைச் சீட்டில் 'அழற்ச்சி' என்று எழுதியிருந்தது. கூடுதல் 'ச்'சை அடித்துவிட்டுத்தான் வெளியே வந்தார்.

அதே மாத்திரையைத்தான் கணவரும் போடுகிறார். வாரத்தில் இரண்டு நாள் மறப்பார், அதற்காகத் திட்டும் வாங்குவார்.

"பாத்தியா, நான் மறந்து மறந்தே தப்பிச்சேன்!"

"சிரிக்காதீங்க. உங்களுக்கு நிறுத்த வேண்டாம்னுட்டாரு. நாலு தடவ கேட்டேன்."

"அஞ்சாவது தடவ கேக்கலயா?"

புள்ளியம்மா இரவு முழுவதும் அந்த நான்கு ஆண்டுகளை வரிவரியாகப் படித்துப் பார்த்தார். அடித்துத் திருத்த ஓர் எழுத்தும் அகப்படவில்லை.

காலை எட்டு மணிக்குக் கணவர், நல்ல பிள்ளையாய், தாமாகவே உள்ளங்கையை நீட்டினார். புள்ளியம்மா மாத்திரை அட்டையை எடுத்தார், பிதுக்கவில்லை. தரையில் உட்கார்ந்து, அவருடைய கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டினார்.

"என்ன புள்ளி, என்னையும் மெய்ப்புப் பாக்கறியா?"

"ஆடாம இருங்க."

கட்டைவிரலால் கெண்டைக்காலை அழுத்தி எடுத்தார். வெளுத்த தடம் ஒன்று விழுந்தது. அதில் மெல்ல ரத்தம் ஊறி, தோல் பழைய நிறத்துக்கு வரும்வரை கண்ணிமைக்காமல் பார்த்தார். பிறகு ஓர் அங்குலம் தள்ளி மறுபடியும் அழுத்தினார். கணவர் நீட்டிய கை புள்ளியம்மாவின் தலைக்கு மேலே வெறுமையாகவே காத்திருந்தது.