இரண்டு நாற்பத்தொன்றுக்குக் கீழே இரண்டு ஏழு

மன்னிப்புக் கடிதத்தைச் சிமுகோண்டாவே தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்தார். கபாசோ செய்ய வேண்டியது கையெழுத்து ஒன்றுதான். பேனாவைக்கூட மூடி கழற்றி மேசையில் வைத்திருந்தார். ஐந்து வருட வேலையில் இவ்வளவு கரிசனம் அவரிடமிருந்து அவளுக்கு ஒரு நாளும் கிடைத்ததில்லை.

"'வியாழக்கிழமை என் கவனக்குறைவால் லேபிள் அச்சிடும் மென்பொருளை நீக்கிவிட்டேன்.' இதுல என்ன தப்பு இருக்கு?" என்றார்.

"நான் நீக்கல சார். அதுதான் தப்பு."

"நாளைக்கு டாக்டர் மாலாமா முன்னாடி விசாரணை. கையெழுத்துப் போட்டா எச்சரிக்கையோட முடிச்சிடுவாங்க. அடம் பிடிச்சா வேலை போயிடும். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

கிட்வே நகரத்தின் ஓரத்தில் இருந்த மிஷன் ஆஸ்பத்திரி அது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் சர்வரைப் பார்த்துக்கொள்வது கபாசோவின் வேலை. கணினிப் பிரிவின் தலைவர் சிமுகோண்டா. வெள்ளிக்கிழமை காலையில் ரத்தக் குழாய்களில் ஒட்டும் லேபிள் அச்சாகவில்லை. கையால் பெயர் எழுதி ஒட்டினார்கள், இரண்டு குழாய் மாறிப்போயிற்று. ஒரு பிள்ளைத்தாச்சிக்குத் தப்பான வகை ரத்தத்தை ஏற்றப் போனபோது, கடைசி நிமிடத்தில் ஒரு நர்ஸ் பையைத் திருப்பிப் பார்த்ததால் அவள் பிழைத்தாள்.

அன்று கபாசோ முதலில் திறந்தது பதிவுக் கோப்பைத்தான். சர்வரில் மென்பொருள்களை ஏற்றி இறக்கும் நிரல் ஒன்று உண்டு. எதை ஏற்றினாலும் நீக்கினாலும் அது தன் பாட்டுக்கு எழுதி வைத்துவிடும்: தொடங்கிய நேரம், அடித்த கட்டளை, கேட்டவர் பெயர், சேர்த்தது, நீக்கியது, முடிந்த நேரம். வியாழக்கிழமை இரண்டு ஏழுக்கு யாரோ பென் டிரைவிலிருந்து ஒரு மென்பொருளை ஏற்றியிருந்தார்கள். அது அச்சு மென்பொருளோடு ஒத்துப்போகாத ஜாதி. ஆகவே அச்சு மென்பொருள் வெளியே போயிருந்தது. இருபது நிமிடத்தில் அவள் அதைத் திரும்ப ஏற்றி லேபிளை ஓடவிட்டாள். அதற்குப் பிறகுதான் 'கேட்டவர்' என்ற இடத்தைப் பார்த்தாள். கபாசோ என்று இருந்தது.

அந்த ஒரு பதிவை மட்டும் அச்செடுத்துத்தான் சிமுகோண்டா இப்போது கடிதத்தோடு சேர்த்துக் குத்தியிருந்தார்.

"மத்தியானம் ரெண்டு ஏழுக்கு அந்த நாற்காலியில உக்காந்திருந்தது யாரு?"

"நான்தான்."

"அப்புறம் என்ன?"

கேட்டவர் பெயர் என்பது உள்ளே நுழைந்த பாஸ்வேர்டு யாருடையதோ அவர் பெயர், அவ்வளவுதான். விரல் யாருடையது என்று நிரலுக்குத் தெரியாது. அந்த ஆஸ்பத்திரியில் எல்லோருடைய பாஸ்வேர்டும் ஒட்டிய உறைகளில் தலைவரின் இழுப்பறைக்குள் கிடந்தது. யாராவது திடீரென்று செத்துப்போனால் வேலை நிற்கக்கூடாதாம். ஆனால் நேரம்? இரண்டு ஏழுக்கு அவளைத் தவிர அங்கே ஈ காக்கை இல்லை. தானே ஏதோ ஞாபகத்தில் செய்து தொலைத்துவிட்டோமோ என்று ஒரு கணம் அவளுக்கே சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகம் வந்ததற்காக அவளுக்கு அவள்மேலேயே கோபம் வந்தது.

"கையெழுத்துப் போட மாட்டேன் சார். நாளைக்குப் பாப்போம்" என்று எழுந்து வந்துவிட்டாள்.

நேராகக் கூடத்துக்குப் போய் முழுக் கோப்பையும் திறந்தாள். இந்த முறை அந்தப் பதிவை மட்டும் பார்க்கவில்லை, மேலேயிருந்து வரி வரியாக இறங்கினாள். வியாழக்கிழமை அவளே ஏற்றிய பாதுகாப்புத் திருத்தம் இருந்தது. நேரம் இரண்டு நாற்பத்தொன்று. அதற்குக் கீழேதான் அந்தப் பாழாய்ப்போன இரண்டு ஏழு இருந்தது.

அவள் விரல் திரையிலேயே நின்றுவிட்டது. புதுப் பதிவைக் கோப்பின் அடியில் சேர்ப்பதுதான் அந்த நிரலுக்குத் தெரியும், நடுவில் செருகத் தெரியாது. அப்படியென்றால் இரண்டு ஏழு நடந்தது இரண்டு நாற்பத்தொன்றுக்குப் பிறகு.

இதற்கு விளக்கம் கூடத்தில் வேலை செய்யும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சர்வர் என்று பெரிய பெயர் இருந்தாலும் அது உள்ளங்கை அகலப் பெட்டி, உள்ளே கடிகார பேட்டரி கிடையாது, ஜெனரேட்டர் இணைப்பும் கிடையாது. மணிக்கொரு தடவை நேரத்தைக் குறித்துக்கொள்ளும். கரண்ட் போய் வந்தால் கடைசியாகக் குறித்த நேரத்திலிருந்து ஓட ஆரம்பிக்கும். இணையம் வந்து சரியான மணியைச் சொல்லும் வரைக்கும் அதே பொய்தான். கிட்வேயில் கரண்ட் போகாத நாள் ஏது? அதனால் கரண்ட் வந்தாலும் மணி சரியாகும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அந்தக் கூடத்தின் பழக்கம். அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத மனிதருக்கு மட்டும்தான் அது தெரியாது.

ஜெனரேட்டர் அறை வாசலில் அதை ஓட்டும் காசோங்கோ மரவள்ளிக்கிழங்கு கடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, வியாழக்கிழமை கரண்ட் எப்ப போச்சு, எப்ப வந்துச்சு?"

"என் ஞாபகத்தைக் கேக்கறியா, நோட்டைக் கேக்கறியா?"

"நோட்டை."

"புத்திசாலி. என் ஞாபகத்தை என் பொண்டாட்டியே நம்பறதில்ல" என்று நோட்டை எடுத்து நீட்டினார். போனது இரண்டு ஐம்பது. வந்தது மாலை ஆறரை. இணையக் கோபுரம் உயிர் பெற்றது ஏழு மணி.

கபாசோ அன்று ஐந்து மணிக்கே வாசல் ஏட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு ண்டோலா ஊருக்குப் பஸ் ஏறியிருந்தாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு விசாரணை. ஆஸ்பத்திரியின் இயக்குநர் டாக்டர் மாலாமா அதிகம் பேசாத அம்மாள். கபாசோ முழுக் கோப்பையும் அச்செடுத்து அவர் முன்னால் பரப்பினாள், பக்கத்தில் ஜெனரேட்டர் நோட்டையும் வாசல் ஏட்டையும் வைத்தாள்.

"ரெண்டு ஐம்பதுக்குக் கரண்ட் போச்சு டாக்டர். பெட்டி கடைசியா குறிச்சு வச்சிருந்தது ரெண்டு மணி. ஆறரைக்கு கரண்ட் வந்ததும் ரெண்டுலேர்ந்து ஓட ஆரம்பிச்சிருக்கு. அதோட ரெண்டு ஏழு நம்ம கைக்கடிகாரத்துல ஆறு முப்பத்தேழு. அப்ப நான் பஸ்ல இருந்தேன்."

"இதெல்லாம் கணக்கு வித்தை" என்றார் சிமுகோண்டா. "பேரு அவ பேருதானே?"

"பாஸ்வேர்டு என்னோடது. உறை யாரோட இழுப்பறையில இருக்கு சார்?"

மாலாமா கண்ணாடியைக் கழற்றினார். "ஆறரைக்கு நீங்க எங்க இருந்தீங்க சிமுகோண்டா?"

அவர் கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டார். "மறுநாள் நன்கொடை கொடுக்கறவங்க வர்றதா இருந்தது. வரவேற்பறைத் திரையில படம் ஓடணும்னு நீங்கதானே சொன்னீங்க. படம் ஓட்டற மென்பொருளை இந்தப் பெட்டியில ஏத்த இவ உறையைப் பிரிச்சேன். ஏதோ கேட்டுச்சு. ஆமான்னு அடிச்சேன். அது இப்படிப் பண்ணும்னு யாருக்குத் தெரியும்?"

"தெரியாம அடிச்சதுக்கு நான் ஒண்ணும் சொல்லல" என்றாள் கபாசோ. "தெரிஞ்சப்புறம் என் பேருக்குக் கடிதம் அடிச்சீங்களே, அதுக்குத்தான் சொல்றேன்."

பிறகு மாலாமா பெரிய இடத்து மனிதர்கள் எல்லோரும் செய்வதைச் செய்தார்.

"சரி. உன்மேல தப்பில்ல, கபாசோ. இவருக்கும் இருபது வருஷ சர்வீஸ். அறிக்கையில தொழில்நுட்பக் கோளாறுன்னு போட்டு முடிச்சிடலாம். நீயும் ஒரு கையெழுத்துப் போட்டுடு. யாருக்கும் சங்கடம் இல்ல."

தப்பித்தோம் என்று அவள் எழுந்து போயிருக்கலாம். பாதிப் பேர் அப்படித்தான் போவார்கள். கபாசோவுக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது.

"கோளாறே இல்ல டாக்டர். எதையெல்லாம் நீக்கப் போறேன்னு அது பட்டியல் போட்டுக் காட்டிச்சு. சரியான்னு கேட்டுச்சு. இவர் படிக்காம ஆமான்னார். செஞ்சதை ஒளிக்காம எழுதியும் வச்சிருக்கு. மணியை மட்டும்தான் தப்பாச் சொல்லிச்சு, அதுகூட பேட்டரி வாங்கித் தராத நம்ம புண்ணியம். அது மேல பழி போடற காகிதத்துல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"கபாசோ, கொஞ்சம் யோசி. இவர் நாளைக்கும் உனக்கு மேலதான் இருப்பார்."

"இருக்கட்டும். அந்தப் பிள்ளைத்தாச்சிப் பொண்ணு இன்னும் ரெண்டாம் வார்டுல படுத்திருக்கா. அவ புருஷன் தினமும் கூடத்து வாசல்ல வந்து நின்னு யாரு பண்ணினதுன்னு கேக்கறான். நாலு நாளா எல்லாரும் என் பக்கம் கையைக் காட்டறாங்க. கோளாறுன்னு எழுதினா நாளைக்கும் என் பக்கம்தான் காட்டுவாங்க. நீங்க எழுதற வரைக்கும் நான் இந்த நாற்காலியை விட்டு எழுந்திரிக்கப் போறதில்ல."

சிமுகோண்டா ஜன்னலைப் பார்த்தார். மாலாமா அறிக்கைத் தாளை இழுத்து, 'கணினிப் பிரிவின் தலைவர்' என்று எழுதினார்.

"பதவி வேண்டாம் டாக்டர்" என்றாள் கபாசோ. "என்னைப் பேரைப் போட்டுத்தான் எழுதினாங்க."

மாலாமா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு எழுதியதை அடித்துவிட்டு, அதற்குக் கீழே சிமுகோண்டாவின் பெயரை எழுதினார்.