பேரியம் வெளிச்சத்தில் ஒரு தட்டு

1

இந்தக் கதை ஒரு செய்தித்தாள் துண்டிலிருந்து வந்தது. 1984 டிசம்பரில் ஒரு செயற்கைக்கோள் விண்வெளியில் பேரியம் வாயுவைத் திறந்துவிட்டது. சூரியக் காற்று அதை எப்படி இழுத்துப் போகிறது என்று பார்க்கத்தான். தெரிந்தது பசிபிக் கடல் பக்கம். நான் அதைத் திண்டிவனத்துக்கு இழுத்துவந்துவிட்டேன். (சூரியக் காற்று இழுக்கலாம், நான் இழுக்கக்கூடாதா?)

2

முதல் தொடக்கம்: 'மனைவி குசுமா இறந்த பிறகு ஜீவகன் வானத்தையே பார்த்தபடி' —

வேண்டாம். எல்லாரும் அதைத்தான் பார்க்கிறார்கள்.

இரண்டாவது: ஜீவகன் சமணன். விழுப்புரம் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறான். இருப்பது திண்டிவனத்தில், மாமியார் சாந்திமதி வீட்டில். அங்கே சமண வழக்கப்படி பொழுது சாய்ந்தால் அடுப்பில்லை, சாப்பாடில்லை. குசுமா போன பின் அவன் இருட்டிய பிறகு வந்துசேரும் பேருந்தாகப் பார்த்துத்தான் ஏறுகிறான். கேட்டால், பேருந்து பேஜாரு. சட்டை தொளதொளக்கிறது. மகளை இழந்தவள், மருமகனையும் இழப்பதாக இல்லை.

3

வாயு விடும் நாளில் மட்டும் சீக்கிரம் வந்தான். மொட்டைமாடியில் கேமராவை முக்காலியில் நிறுத்தினான். சூரியன் இறங்கியது. மேலே பச்சையாக ஒரு பொட்டு தோன்றி, ஊதா வால் விட்டது.

சாந்திமதி தட்டோடு படியேறி வந்தாள். அது எரிகிறதா என்று கேட்டாள். எரியவில்லை, வெயில் பட்டு மின்னுகிறது என்று வகுப்பில் சொல்வதுபோலச் சொன்னான். அங்கேதான் மாட்டிக்கொண்டான்.

"அப்போ அங்க வெயிலு அடிக்குது."

"அங்க அடிக்குது அத்தே. இங்க பொழுது பூடுச்சே."

"கண்ணுக்குத் தெரியுதா இல்லியா? படிச்சவரு, நீங்கதான சொன்னீங்க. சாப்புடுங்க மாப்ளே. பாவம் வந்தா எனக்கு வரட்டும்."*

* நிலாவும் வெயில் பட்டுத்தான் மின்னுகிறது; இந்தக் கணக்குப்படி நிலாக் காயும் இரவெல்லாம் சாப்பிடலாம். ஜீவகனுக்கு அது தெரியும். ஏனோ சொல்லவில்லை.

4

முடிவு அ: சாப்பிட்டான். (இனிப்பு அதிகம்.)

முடிவு ஆ: மறுத்தான். அவள் தட்டை எடுத்துக்கொண்டு கீழே

எழுத முடியவில்லை. தட்டில் இரண்டு பேருக்குச் சோறு இருப்பதை இப்போதுதான் பார்க்கிறேன். இத்தனை நாளாக அவளும் சாப்பிடாமல்தான் படுத்திருக்கிறாள். யாரும் கேட்கவில்லை, எழுதுகிற நான்கூட.

அவள் சோற்றைப் பிசைந்துவிட்டாள். அவன் சாப்பிடாமல் அவள் சாப்பிடமாட்டாள். அவன் வலது கை கேமராப் பொத்தானில் இருக்கிறது. கையை எடுத்தால் படம் போச்சு. பேரியம் மேகம் வெளிறிக்கொண்டு வருகிறது; அது மறைந்தால் அவள் காட்டிய வெயிலும் போச்சு.

என்னிடம் கேட்காதீர்கள். அந்தக் கையை நீங்கள்தான் நகர்த்த வேண்டும். கொஞ்சம் ஜல்தியாக.