பத்தாம் நம்பர் ஸ்பானர்

பலகையில் ஓர் இடம் காலியாக இருந்தது.

ஒவ்வொரு கருவிக்குப் பின்னாலும் அதன் உருவத்திலேயே சிவப்புச் சாயம் பூசியிருக்கும். கருவியை மாட்டிவிட்டால் சிவப்பு தெரியாது. இப்போது பத்தாம் நம்பர் ஸ்பானரின் சிவப்பு, மெக்கானிக்கைப் பார்த்துப் பல்லிளித்தது.

காலையில் அவன் கைவைத்தது ஏழாம் நம்பர் விமானத்தில் மட்டும்தான். அது மேலே பறந்துகொண்டிருக்கிறது. உள்ளே பயிற்சி மாணவி, முதன்முறையாகத் தன்னந்தனியாக.

முதலில் 'எல்லாக் கருவியும் வந்தாயிற்று' என்று கையெழுத்து. பிறகு சாவகாசமாக மாட்டுவது. இந்த விமானக் கொட்டகையில் எல்லோரும் செய்கிற கள்ளத்தனம்.

பலகைக்கு மேலே பழைய போட்டோ ஒன்று. இந்தப் பயிற்சித் தளம் போர்க்காலத்தில் அவசரமாகப் போட்ட ஓடுபாதை. நாட்டின் பாதி விமானிகள் பறக்கக் கற்றது இங்கேதான். போட்டோவில் சிரிப்பவன் மட்டும் கற்று முடிக்கவில்லை. அவன் விமானத்தைத் திருப்பும் ஸ்டிக்குக்கு அடியில் ஒரு ஸ்பானர் சிக்கியிருந்தது. சிவப்புச் சாயம் வந்தது அதற்குப் பிறகு.

வாயைத் திறக்காவிட்டால்? அவள் பாட்டுக்கு இறங்கிவிடலாம். இறங்காமலும் போகலாம்.

தலைதெறிக்க ஓடினான்.

"சார், ஏழுல என் ஸ்பானர் இருக்கு."

மேற்பார்வையாளர் டீயைக் கீழே வைத்தார். "கையெழுத்து போட்டிருக்கியேடா?"

"போட்டுட்டேன் சார்."

"வெளங்கிடும்." போனை எடுத்துக் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குச் சொன்னார்.

ஸ்பீக்கரில், கோபுரத்திலிருந்த பயிற்சி ஆசிரியரின் குரல் கேட்டது. "ஏழு, திரும்பி வாம்மா. வித்தை எதுவும் வேணாம்."

"வரேன் சார்." சற்று இடைவெளி. "சார், ஸ்டிக் நடுவத் தாண்டி இடதுபக்கம் போகல."

மெக்கானிக் வாசலுக்கு ஓடி வானத்தைப் பார்த்தான்.

"வலதுபக்கமாவே சுத்தி வா. அவசரமே இல்ல," என்றார் ஆசிரியர். குரல்தான் நடுங்கியது.

விமானம் ஊரையே ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. வலது இறக்கை தாழ்ந்தது, நிமிர்ந்தது, மறுபடி தாழ்ந்தது. சக்கரம் தரையில் மோதி எகிறி, ஒருவழியாக ஓடி நின்றது.

மெக்கானிக் ஸ்டிக்குக்கு அடியில் கைவிட்டு ஸ்பானரை உருவினான்.

மாணவியின் முகத்தில் ரத்தமே இல்லை. "வண்டி தங்கம், போய்ட்டு வான்னீங்களேண்ணே."

"என்னோடதுதாம்மா. மாட்டாமலே கையெழுத்து போட்டேன்."

அவள் ஸ்பானரை வாங்கிப்போய்ப் பலகையில் மாட்டினாள். சிவப்பு மறைந்தது. மேலே இருந்த போட்டோவை நெடுநேரம் பார்த்தாள்.

மேற்பார்வையாளர் மெக்கானிக்கின் சட்டைப் பையிலிருந்து, அவன் கையெழுத்துப் போடும் பேனாவை எடுத்துக்கொண்டார். அவன் தடுக்கவில்லை.