பக்கத்து மிஷின்

சனிக்கிழமை சாயங்காலம் பனியன் கம்பெனி முதலாளி லிங்கசாமியே மிஷின்களை நிறுத்தச் சொல்லிவிட்டார். கட்டிங் மேசைமேல் வைத்த டிவியை எல்லோரும் மொய்த்துக்கொண்டார்கள். பாட்டுப் போட்டியில் அடுத்துப் பாடப்போவது இங்கே ஓவர்லாக் தையல் அடிக்கிற யாழினி.

சபுரா பீவி முக்காட்டைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டாள். ஆறு வருஷமாக யாழினிக்குப் பக்கத்து மிஷின் அவளுடையது. தைத்துக்கொண்டே யாழினி பாடுவது உதட்டசைவில் தெரியும். இரைச்சலில் ஓர் எழுத்துகூடக் காதில் விழாது. சாப்பாட்டு நேரத்தில் பாடச் சொன்னால் வெட்கப்பட்டு ஓடிவிடுவாள். பிள்ளை மனசு நோகக் கூடாதென்று சபுரா தலையை மட்டும் ஆட்டி வைப்பாள். நூல் அறுந்தால் அதையும் நிறுத்திவிட்டுக் கோக்கக் குனிந்துவிடுவாள்.

டிவியில் யாழினி வாயைத் திறந்தாள். சபுராவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இந்தக் குரலா இத்தனை நாளும் முழங்கை இடிக்கும் தூரத்தில் இருந்தது? பாட்டு முடிந்ததும் கம்பெனியே விசிலடித்தது. லிங்கசாமி துணிக்கட்டின் மேல் ஏறி நின்று கைதட்டினார்.

“யாருகிட்டம்மா கத்துக்கிட்டே?” என்றார் நடுவர்.

“பக்கத்து மிஷின் சபுராக்காகிட்டத்தானுங்க. நான் பாடறப்ப தலையாட்டுவாங்க. ஆட்டறத நிறுத்திட்டா எங்கியோ தப்புன்னு திருத்திக்குவனுங்க.”

கம்பெனி மொத்தமும் சபுராவைத் திரும்பிப் பார்த்தது.

அவள் தலையை ஆட்டினாள்.